மிச்சமிருந்த ‘வரேன்’

என் மனைவி சுகந்தி ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குள் வேலை பார்க்கிறாள். காலையில் லேப்டாப் வழியாக உள்ளே போவாள், மாலையில் அதே வழியாக வெளியே வருவாள். கோட்டையின் தெற்கு வாசலில் உட்கார்ந்து, செத்துப் போகிற வீரர்களுக்கு அடுத்த உயிரை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சனிக்கிழமைகளில் சாவு அதிகம் என்பதால் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமாகும். மற்றபடி நல்ல வேலைதான், வெயில் படாத வேலை.

எங்கள் லேப்டாப் பழையது. மெதுவாக ஓடினாலும் ஒழுங்காக ஓடியவரை எனக்குக் குறையில்லை. ஆவணி பிறந்ததிலிருந்து அது நின்று நின்று ஓட ஆரம்பித்தது. ஒருநாள் சுகந்தி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காபியைப் பாதி குடித்த பிறகுதான் அவளுடைய இடது கை வந்து சேர்ந்தது. இன்னொரு நாள் முகம் திரையிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் கூடத்து சோபாவில் உட்கார்ந்து காத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். முகம் வந்ததும், "கேஸ அணைச்சீங்களா?" என்று கேட்டாள். அணைத்திருந்தும், எழுந்து போய் இன்னொரு முறை அணைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு பயந்துபோயிருந்தேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மாதப் பிறப்பன்று அந்த விளையாட்டைப் புதுப்பிப்பார்கள். அன்றைக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர்களை விளையாட்டு தன்னுடைய சாமானாக எடுத்துக்கொண்டு மரமாக நட்டுவிடும். எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்த குணாளன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். விளையாட்டு நம்முடைய சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். "போயிட்டு வரேன்" என்று சொல்பவர்களைத்தான் திருப்பி அனுப்பும், அதுவும் யாரிடம் சொன்னார்களோ அவர்களிடம்தான் அனுப்பும். குணாளன் இப்போது ஆற்றங்கரையில் பனைமரமாக நிற்கிறார். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் திரையைத் திறந்து வைத்து அந்த மரத்தைத் திட்டுவார். திட்டி முடித்ததும் மூடிவிட்டுச் சமைக்கப் போவார்.

ஆகவே புது லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆரோக்கியதாஸ் பொறுமையான மனிதர்.

"விளையாடப் போறது யாரு சார்?"

"விளையாட இல்ல. எங்க வீட்ல அதுக்குள்ள வேலைக்குப் போறாங்க."

"அப்படின்னா கிராபிக்ஸ் கார்டு நல்லதா இருக்கணும். இல்லாட்டி மூக்கு முழியெல்லாம் மழுங்கிப்போய் வரும். பாத்தா உங்களுக்கே அடையாளம் தெரியாது."

மேஜையில் மூன்று லேப்டாப்களைத் திறந்து வைத்தார். மூன்றிலும் அதே கோட்டை தெரிந்தது. கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். முதலாவதில் விட்டு எடுத்தபோது என் ஐந்து விரல்களும் ஒரே உயரத்தில் இருந்தன. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்றார், ஆகிவிட்டது. இரண்டாவதில் கை சுட்டது. விசிறி போதாது, ஆள் காய்ச்சலோடு வருவார் என்று அவரே அதை மூடிவிட்டார். மூன்றாவதில் கையை விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கை போய்விட்டுத் திரும்பியிருந்தது. உள்ளங்கையில் கோட்டை மண் ஒட்டியிருந்தது.

"இது ரொம்ப வேகம் சார்," என்றார் ஆரோக்கியதாஸ். "பேச்சுக்குக்கூட நிக்காது."

பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் எந்தக் கடைக்காரர்தான் தன் சரக்கைப் பற்றிப் பெருமை பேசமாட்டார்? பையில் போடச் சொன்னேன்.

மறுநாள் காலை சுகந்தி தலை பின்னி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு புது லேப்டாப் முன்னால் வந்து நின்றாள். திரை ரொம்பத் தெளிவாக இருக்கிறது, வாசலில் நிற்கிற யானையின் கண் பீளைகூடத் தெரிகிறது என்றாள். பிறகு வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்து, "போயி" என்றாள். அவ்வளவுதான், ஆள் இல்லை. பழைய லேப்டாப் அவள் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை முக்கிக்கொண்டிருக்கும். புதியது முதல் சொல்லிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்த "ட்டு வரேன்" வெளியே வர வழியில்லாமல் கூடத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. அவள் குரலில், "ட்டு... ட்டு..." என்று மெல்லக் கேட்டது.

அன்று மாலை அவள் வரவில்லை. திரையில் தெற்கு வாசல் தெரிந்தது. அவள் உட்கார்ந்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன், நிமிரவில்லை. பழைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், அது உயிரை விட்டிருந்தது. மறுபடி ஆரோக்கியதாஸிடம் ஓடினேன்.

"இதைவிட மெதுவா ஒண்ணு குடுங்க."

"மெதுவா ஓடுறத இப்ப யாரும் செய்யறதில்ல சார். அது கெடக்கட்டும், மிச்ச வார்த்தை வீட்லதானே இருக்கு?"

"கூடத்துல நிக்குது. ‘ட்டு, ட்டு’ன்னுது."

"அப்ப ஏன் பதறுறீங்க? அது என்னைக்கு இருந்தாலும் ‘வரேன்’னு முடிச்சுதானே ஆகணும். யாரப் பாத்து முடிக்குதோ அவங்ககிட்ட வந்துருவாங்க. நீங்க மட்டும் பக்கத்துல இருங்க. வேற ஆள உள்ள விடாதீங்க."

வீட்டுக்கு வந்து, சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக ஃபேனை அணைத்துவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தேன். ஆபீசுக்கு லீவு சொன்னேன். "வந்துடு சுகந்தி," என்றேன். அது, "ம்" என்றது. கெஞ்சிக் கேட்டேன். "ம்" என்றது. அதட்டியும் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வா என்று கூப்பிட்டால் அவள் "ம்" என்பாள், அல்லது வந்தே நின்றுவிடுவாள். கட்டின புருஷனுக்கு யாராவது "வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்களா? அது வெளியாட்களுக்குச் சொல்கிற மரியாதை. அவள் குரலுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. விளையாட்டுக்கோ "ம்" என்றால் என்னவென்று தெரியாது.

நாள் போகப் போக எனக்கு வேர்த்துக் கொட்டியது. புரட்டாசி முடியப் போகிறது. திரையில் சுகந்தி இப்போதெல்லாம் அதிகம் அசைவதில்லை. ஒரு வீரன் உயிருக்காகக் கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. புழுக்கம் தாங்காமல் வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

எதிர் வீட்டு ஜெயக்கொடி அக்கா குங்குமச் சிமிழோடு உள்ளே வந்தார். அவர் மருமகளுக்கு வளைகாப்பு. நான் எழுந்து கையை ஆட்டி வேண்டாம் என்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, பத்திரிகை கித்திரிகை எல்லாம் அடிக்கல. வாயால கூப்பிட்டாத்தான் மரியாதைன்னு வீடு வீடா வர்றேன். சுகந்தி இல்லையா?"

"ட்டு..." என்றது டியூப் லைட்டுப் பக்கம்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இங்கதான் இருக்கியா? வெள்ளிக்கிழமை வளைகாப்பு. கண்டிப்பா வந்துரும்மா."

"வரேன்," என்றது சுகந்தியின் குரல்.

அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா சிமிழை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வெள்ளிக்கிழமை சுகந்தி சொன்னபடி வந்தாள். ஜெயக்கொடி அக்கா வீட்டில் டிவிக்குக் கீழே ஓர் ஆதிகால லேப்டாப் கிடந்தது. அது முக்கி முனகி, முதலில் காலையும், பிறகு புடவையையும், கடைசியில் முகத்தையும் வெளியே விட்டது. இரண்டு கையும் இருந்தன. பெண்களோடு வரிசையில் நின்று மருமகளுக்குச் சந்தனம் பூசி வளையல் போட்டாள். நான் பந்தியில் அவளுக்கு எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டீங்களா ஒழுங்கா? இளைச்சிருக்கீங்க," என்றாள்.

அவள் முழங்கை சொரசொரவென்று இருந்தது, தோல் வெடித்துப் பட்டை போல. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ரெண்டு நாளா அரிக்குது. வேற ஒண்ணும் இல்ல."

"வீட்டுக்கு வா சுகந்தி. எதிர்லதான் இருக்கு."

"ம்," என்றாள்.

"‘ம்’னு சொல்லாத. ‘வரேன்’னு சொல்லு. எங்கிட்ட சொல்லு."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "இது அவங்க வீடுங்க. விருந்துக்கு வந்தவ, வந்த வழியாத்தான் திரும்பணும். இங்கேர்ந்து கெளம்பறப்ப அவங்ககிட்டதானே சொல்லிக்கணும். உங்ககிட்ட சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

சாப்பிட்டுக் கை கழுவினாள். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டாள். லேப்டாப் முன்னால் நின்று, "போயிட்டு வரேன்க்கா," என்றாள். அந்த லேப்டாப் ஓர் எழுத்து விடாமல் கேட்டுக்கொண்டது. "நல்லபடியா வாம்மா," என்றார் அக்கா. பிறகு சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். முதலில் கால் போயிற்று, கண் கடைசியாகப் போயிற்று.

அன்றிலிருந்து அவள் ஜெயக்கொடி அக்கா வீட்டுக்கு வர வேண்டியவள். விருந்தாளி ஆனதால் விசேஷம் என்றால்தான் வருவாள். ஐப்பசி ஒன்றாம் தேதி விளையாட்டைப் புதுப்பிக்கிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ஏதாவது விசேஷம் நடந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் குணாளனுக்குப் பக்கத்தில் இன்னொரு மரம்.

அக்காவும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். மருமகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கிரகப்பிரவேசம் எப்போதோ முடிந்துவிட்டது. கடைசியில் அக்கா என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "தம்பி, ஒங்களுக்குக் காது குத்தவே இல்லியே," என்றார்.

ஆகவே ஒன்றாம் தேதி அவர்கள் வீட்டில் எனக்குக் காதுகுத்து. அக்காவின் வீட்டுக்காரர் தாய்மாமன் முறைக்கு என்னை மடியில் உட்கார வைத்துக்கொள்கிறார். அவருக்கு முட்டி வலி உண்டு, இருந்தாலும் சரி என்றிருக்கிறார். மொட்டையும் போட்டால் விருந்து கொஞ்சம் நீளும், சுகந்தி இன்னும் சற்று நேரம் இருப்பாள் என்று அக்கா சொன்னார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டேன்.