சாவடியில் விரிந்த சேலை

பதினான்கு வருடமாகக் கைறுன்னிஸா நெய்த ஒவ்வொரு துணியும் முத்தலிப் முதலாளியின் டிசைன் என்றுதான் வெளியே போயிற்று. காத்தான்குடியில் எட்டுத் தறி வைத்திருந்த மனிதர் அவர். ஒருநாளும் தறியில் உட்கார்ந்தவரில்லை. ஆனால் கடைக்காரர் யாராவது ஒரு சேலைக் கரையைப் புகழ்ந்துவிட்டால், அதை யோசித்ததில் தன் தூக்கமே போய்விட்டதாக வாய் கூசாமல் சொல்வார். அந்தக் கரையை உண்மையில் யோசித்தவள் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

ஒரு சேலையாவது தன் பேரில் போகவேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். தொண்ணூற்றேழில், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டேவிட்டாள்.

"ஒரு சேலை என்ட யோசனையில நெய்யுறன் முதலாளி. டவுன் கடைக்கு நானும் வருவன். ஆர் செஞ்சதெண்டு கேட்டா என்ட பேரத்தான் சொல்லோணும்."

"சொன்னாப் போச்சு" என்று சிரித்தார். சொல்லமாட்டார் என்று தெரிந்துதான் அவள் தானும் வருவதாகக் கேட்டாள்.

வாவிக்கரைச் சேற்றில் புதராக அடர்ந்து வளரும் கண்ணாப் பற்றை அவள் மனதில் இருந்தது. வெயில் சாயும்போது இலையின் பச்சை, அடியில் சேற்றின் நிறம், நடுவில் நிழலின் கறுப்பு. நூலை இடம் விட்டு இடம் இறுக்கிக் கட்டி மூன்று சாயத்தில் தோய்த்தாள். தோள் விட்டுப்போக இருபது நாள் நெய்தாள். தறியில் கண்ணுக்குத் தெரிவது ஒரு முழம்தான். நெய்தது நெய்தபடி உருளையில் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்த ஒரு முழத்தின் அழகே மனதை அள்ளிக்கொண்டு போனது. மற்றவர்கள் பார்த்து அதே மாதிரி நெய்துவிடுவார்களோ என்று, அறுத்த கையோடு விரித்தும் பார்க்காமல் மடித்துத் தாளில் சுற்றிவிட்டாள்.

முதலாளியும் அவளும் டவுனுக்குப் போகும் வழியில், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் தாளைக் கிழித்து, சேலையை உதறி ஜீப்பின் மேல் விரித்தான்.

முழுச் சேலையையும் அப்போதுதான் கைறுன்னிஸாவே முதன்முதல் பார்க்கிறாள். விரித்தவனின் உடுப்பும் அவள் சேலையும் ஒரே துணியாகக் கிடந்தன. பற்றையாவது, இலையாவது! இருபது நாளாக அவள் நெய்தது ஆமிச் சட்டைத் துணி. அந்த நிறத்தில் ஒரு முழம் கையில் இருந்தாலே, இயக்கத்துக்கு உடுப்புத் தைக்க என்று சொல்லிக் கொண்டுபோய்விடுகிற காலம். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

அதிகாரி வந்தான். "இது யார் செஞ்சது?" என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

முதலாளியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அல்லாஹ் மேல ஆணை சேர், எனக்கு ஒண்டும் தெரியா. நூல் கட்டினது, சாயம் போட்டது, யோசிச்சது எல்லாம் இவதான். பேரு கைறுன்னிஸா."

பதினான்கு வருடம் காத்திருந்த வார்த்தை, இப்படியா வந்து சேரவேண்டும்? இல்லை என்று சொல்லிவிடலாம். எல்லா டிசைனும் முதலாளியுடையது என்று ஊரே சாட்சி சொல்லும். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஓம் சேர். நான்தான். அந்தக் கண்ணாப் பற்றையப் பார்த்துத்தான் நெய்தன்."

அவள் காட்டிய வாவிக்கரைக்கு அதிகாரி சேலையைக் கொடுத்தனுப்பினான். ஆமிக்காரர் இருவர் அதைப் பற்றை ஓரமாகப் பிடித்தார்கள். சேலை இருந்த இடம் தெரியவில்லை. அதிகாரி தன் சட்டைக் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"யாருக்கு இது?"

"பொம்புளையளுக்கு. முந்தானை வச்சிருக்கன் பாருங்க சேர். சண்டைக்குப் போறவங்களுக்கு ஆர் முந்தானை வைப்பாங்க?"

முந்தானையைத் தேடிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னேரம் வரை இருவரையும் வெயிலில் நிற்கவைத்தான். கடைசியில் நெருப்புப் பெட்டியை அவள் கையில் கொடுத்தான். இருபது நாள் வேலை கொஞ்ச நேரத்தில் எரிந்து முடிந்தது. அதன்பிறகே போகச் சொன்னான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் முதலாளி சொன்னார். "இனி நான் தாற டிசைன மட்டும் நெய் புள்ள."

அவள் விரலில் இன்னும் கரி.

"எல்லாம் யோசிச்சது நானெண்டு இண்டைக்கு ஆணையிட்டுச் சொன்னீங்க முதலாளி. நாளைக்கு டவுன் கடையிலயும் அதையே சொல்லுங்க."