சந்திரனின் நான்கு கைகள்

"விரல நல்லா விரிங்ண்ணா" என்றாள் ஜோதிமணி.

"விரிச்சுதாம்மா இருக்கேன்" என்றான் சந்திரன்.

தாளின் மேல் கிடந்த அந்த இடது கையை அவள் இன்னொருமுறை பார்த்தாள். சுண்டுவிரல் மோதிரவிரலின் மேல் சாய்ந்து கிடந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே சதை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, பென்சிலைச் சுண்டுவிரலின் ஓரத்தில் வைத்துக் கையைச் சுற்றி வரைந்தாள். ஆடி மாதம் அது. கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை ஏற்றிக் 'கை ஒன்று' என்று பெயர் வைத்தாள்.

சந்திரன் மெல்லிசைக் குழுவில் பதினாறு வருஷமாக பேஸ் கிட்டார் வாசிப்பவன். சாமராஜநகர், குண்டலுபேட்டை, நஞ்சன்கூடு என்று அவன் ஏறாத கல்யாண மேடை இல்லை. பேஸ் வாசிப்பவனைக் கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாடுகிறவளைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிப்பவனைப் பார்ப்பார்கள். ஆனால் பேஸ் நின்றுபோனால் பாட்டுக்குக் காலடியில் தரை இருக்காது. அந்தத் தரையைப் போட்டுக்கொண்டிருந்த கை சித்திரையில் முதன்முதலாக ஒரு கம்பியை நழுவவிட்டது. பெங்களூரில் பெரிய டாக்டர் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு வியாதி, மருந்து கிடையாது, முதலில் கை போகும் என்று சொல்லி அனுப்பினார். எப்போது என்று கேட்டதற்கு, அது ஆளுக்கு ஆள் மாறும் என்றாராம்.

அழுது முடித்த பிறகு சந்திரன் நேராக மைசூர் மண்டி மொஹல்லாவுக்குத்தான் வந்தான். அங்கே பழனி, ஆளுக்குத் தகுந்த மாதிரி எலெக்ட்ரிக் கிட்டார் செய்து கொடுப்பவன். கீழே மரப்பட்டறை, மேலே பலகைத் தளம் போட்ட ஒரு அறை, அறையில் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு முன்னால் ஹனூர்க்காரி ஜோதிமணி. என்ஜினியர் ஒருவரிடம் ஐந்து வருஷம் வீட்டுப் பிளான் போட்டுக்கொண்டிருந்தவளைப் பழனிதான் பேசி அழைத்து வந்திருந்தான். பெங்களூர்ப் பையன்கள் கொம்பு வைத்த கிட்டார், மின்னல் மாதிரிக் கிட்டார் என்று கேட்பதையெல்லாம் அவள் திரையில் வரைந்து, எடை எங்கே விழும், தோளில் எப்படித் தொங்கும் என்று திருப்பித் திருப்பிக் காட்டுவாள்.

சந்திரன் கேட்டது வேறு. "என் கை எவ்ளோ இருக்கோ அவ்ளோக்கு ஒண்ணு செஞ்சு குடு பழனி. முழுசா போறவரைக்கும் வாசிக்கணும். அவ்ளோதான்."

ஜோதிமணிக்குச் சாப்பாடு மறந்துபோயிற்று. திரையில் கிட்டாரின் கழுத்தை வரைந்து, அதன் மேல் 'கை ஒன்றை' வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எட்டாத இடத்தில் கழுத்தைக் குறுக்கினாள். அழுத்த முடியாத இடத்தில் மெலிதாக்கினாள். கழுத்தின் குறுக்கே பதிக்கிற கம்பிகளை, பிரெட் என்பார்கள், அந்தக் குறுகிய நீளத்துக்குத் தகுந்தபடி மறுபடி கணக்கிட்டு நிறுத்தினாள். ஒரு பிரெட் மயிரிழை தள்ளி நின்றாலும் ஸ்வரம் தப்பும். ஒரு மாற்றம் செய்தால் அந்தக் கிழட்டு மிஷின் முழுப்படத்தையும் திரும்ப வரைந்து முடிப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். கிட்டாரின் உடலைப் பழனி அதற்குள் இழைத்து முடித்துவிட்டான். புரட்டாசியில் மறுபடி அளந்தாள். கை இரண்டு. அதற்கேற்பத் திருத்தி, கழுத்தின் படத்தை நிஜ அளவில் ஒரே நீளத் தாளில் அச்செடுத்து வந்த மறுநாள் ஆயுத பூஜை.

மைசூரில் தசராவுக்கு ஊரே மினுங்கும். பட்டறையில் ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் தடவிப் பூ வைத்தாள் ஜோதிமணி. தன் ஊர்ச்சாமி மாதேசுவரனை வேண்டிக்கொண்டு அந்தத் தாளையும் விரித்து வைத்து நாலு மூலையிலும் குங்குமம் இட்டாள். இந்த ஒரு தடவை கண்ணைத் திற சாமி என்று வாய்விட்டே சொன்னாள்.

வழக்கம் என்னவென்றால், அச்செடுத்த தாளை மரத்தின் மேல் ஒட்டி, கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டுவது. பூஜை முடிந்த மூன்றாம் நாள் பழனி பசையைக் குழைத்தபோது அவள் ஓடிவந்தாள்.

"ஐயோ, சாமிக்கு வெச்ச தாளுங்ண்ணா. அதுமேல ரம்பம் போடாதீங். ஜெராக்ஸ் எடுத்துக்கலாமுங்."

பழனிக்கும் அது நியாயமாகப் பட்டது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நீளத் தாளில் அச்செடுக்கும் கடை தசராவுக்குப் பூட்டிக் கிடந்தது, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் சின்னத் தாள்தான் இருந்தது. இரண்டு துண்டாக எடுத்து, நடுவில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டுப் பிளானில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கோடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துத்தான் மேஸ்திரி சுவர் கட்டுவார். ஐந்து வருஷப் பழக்கம் ஜோதிமணியின் கண்ணைக் கட்டிவிட்டது. இங்கே எண்ணை யாரும் படிப்பதில்லை, கோட்டைத்தான் மரம் நம்புகிறது.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் சந்திரன் தன் மனைவி ராணியோடு வந்தான். புது பேஸைத் தோளில் மாட்டியதும் அவன் முகம் மலர்ந்தது. "என் கைக்குன்னே பொறந்த மாதிரி இருக்கு" என்றான். முதல் நாலு பிரெட்டும் நூல் பிடித்தாற்போல் பேசின. ஐந்தாவதில் விரலை வைத்தான். ஆறு. ஏழு. அவன் நிமிரவில்லை. திரும்ப ஐந்தில் வைத்துக் கேட்டான்.

"ஸ்ருதி எங்கியோ போவுதே, பழனி."

கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜைப் பழனி முன்னே தள்ளிப் பார்த்தான், பின்னே இழுத்துப் பார்த்தான். மேல் பக்கம் சரியானால் கீழ்ப் பக்கம் கெட்டது. சாயங்காலம் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தபோது விஷயம் தெரிந்தது. டேப் போட்ட இடத்தில் ஒரு நகத்தின் கனம் பிசகியிருந்தது. பிரெட் பதித்த பலகையைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை. சந்திரனுக்காகக் கழுத்தை அவ்வளவு மெலிதாகச் செதுக்கியிருந்தார்கள், பிரித்தால் முறிந்துவிடும்.

"என் தப்புதான் சந்திரா. அறுக்கறப்ப கவனிக்காம உட்டுட்டேன்" என்றான் பழனி.

ஜோதிமணி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் படியேறிப் போனாள். தன்மேலேயே அவளுக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை.

புதுக் கழுத்துக்கு மரம் காயவேண்டும். மழையோ விட்டபாடில்லை. கார்த்திகையில் அளந்தாள், கை மூன்று. இன்னும் மெலிதாக, இன்னும் குறுக்கி வரைந்தாள். மரம் காய்ந்து வருவதற்குள் தை பிறந்துவிட்டது. அளந்தாள், கை நான்கு. நடுவிரல் இப்போது பாதிதான் மடங்கியது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான். அவள் கழுத்தைக் குறுக்கக் குறுக்க, கை அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை படத்துக்குப் பொட்டு வைக்கவில்லை. அசல் தாளின் மேலேயே ரம்பம் ஓடியது.

மாசி மாதம் ஒரு காலையில் இரண்டாவது பேஸ் தயாராக மேஜைமேல் கிடந்தது. பழனி பன்னிரண்டு பிரெட்டையும் வாசித்துப் பார்த்துவிட்டான், ஒரு குறை கிடையாது. சந்திரன் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இடது கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ராணி அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, புது பேஸை மாட்டி, அந்தக் கையைத் தூக்கிக் கழுத்தின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் நிறுத்தினாள். அவன் உதட்டைக் கடித்து அழுத்தினான். கம்பி அசையவில்லை. கை வழுக்கி மடியில் விழுந்தது. ராணி மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது.

"ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னது நாந்தாங்ண்ணா" என்றாள் ஜோதிமணி. "பழனியண்ணன் இல்லீங். பூஜைல வெச்ச தாள வெட்டக்கூடாதுன்னு நாந்தான்..."

பழனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சந்திரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"தீபாவளிக்கு விரல் இருந்துச்சும்மா" என்றான்.

பிறகு, "ஹோகலி, போகட்டும் விடு" என்றான். சுவரில் மாட்டியிருந்த பழைய பேஸை, பிசகிப்போன அதை, தாடையால் காட்டினான். "அத எடுத்துக் குடு."

"அது ஸ்ருதி சேராது சந்திரா" என்றான் பழனி.

"விரல் வெச்சாத்தான சேராது."

இது நல்லாயிருக்கு, விரல் இருக்கறவனுக்குக் குடு என்று சந்திரன் புதியதைத் திருப்பித் தந்தான். ராணி பழையதை அவன் தோளில் மாட்டினாள், பழனி அதன் வயரை ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினான். அவன் வலது கைக் கட்டைவிரலால் தடித்த கம்பியை மீட்டினான். விரல் வைக்காத கம்பி. சுத்தமாக வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. நாலும் சுத்தம். தீபாவளிக்கும் இந்த நாலும் சுத்தமாகத்தான் இருந்தன. இடது கை மடியில் கிடக்க, அந்த நாலையே திரும்பத் திரும்ப, தாளம் தப்பாமல் வாசிக்கத் தொடங்கினான்.

ஜோதிமணியால் அங்கே நிற்க முடியவில்லை. மாடிக்கு ஏறிப்போனாள். காலையில் அணைக்க மறந்த திரையில் கை நான்கு அப்படியே இருந்தது. ஐந்து விரலும் அதனதன் இடத்தில் நின்று கழுத்தை இறுகப் பற்றியிருந்தன. கீழே அவன் தடித்த கம்பியை மீட்டும்போதெல்லாம் பலகைத் தளம் அதிர்ந்தது, அவள் பாதத்தில் தெரிந்தது.