அடைப்புக்கட்டை

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில், சரியாக அம்மாவின் மூக்குக்கு மேலே வந்து உட்கார்ந்த கொசுவை லிஜா உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். பட்டென்ற சத்தத்தில் ஒப்பாரி அறுந்தது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

"பெத்தவளுக்க மொகத்துல அடிக்கியே, பேய் புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார் வாசலில் நின்ற அப்பா மத்தியாஸ்.

லிஜா கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்புக் காலில் வெள்ளை வளையம். கூடவே ஒரு துளி ரத்தம். அம்மாவுடையது இல்லை. அம்மா செத்து ஒன்பது மணி நேரம் ஆகிறது.

அம்மா செசிலிக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, கஞ்சி கேட்டாள். ஆறாம் நாள் விடியலில் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனாள். லிஜாவுக்குப் பேரூராட்சியில் டெங்கு ஒழிப்பு வேலை. துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், அடுத்து அவளைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுத் தொட்டியில டார்ச் அடிச்சுப் பாத்துட்டு என்னா பேச்சு பேசுனா!" என்றாள் ஒருத்தி, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "ஊருக்கு மருந்து ஊத்துகவளாக்கும்."

வாசலுக்கு நேரே, பந்தல் காலிலிருந்து பத்தடியில் வள்ளம் கிடந்தது. தாத்தா விட்டுப்போன பைபர் வள்ளம். மூத்தவன் நான், எனக்குத்தான் என்றார் மத்தியாஸ். கடைசிவரை அப்பனோடு கடலுக்குப் போனது நான் என்றார் தம்பி ஆன்ட்ரூஸ். ஊர்க் கமிட்டி கூடி, முடிவாகும்வரை கிடந்த மேனிக்குக் கிடக்கட்டும், எவனும் தொடக்கூடாது என்றது. வள்ளம் அன்றுதான் கரையேறியிருந்தது. தண்ணீர் வடியும் துளையில் அடைப்புக்கட்டை இருந்தது. அதுவும் கிடந்த மேனிக்குக் கிடந்தது. அண்ணன் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து வள்ளத்தைத் தன் வீட்டுத் தென்னையில் கட்டினார். எதிர்வீட்டுத் தம்பி இன்னொரு கயிற்றால் தன் தென்னையில் கட்டினார். இரண்டு மழைக்காலம் போயிற்று; பெய்த தண்ணீர் வடிய வழியில்லாமல் வள்ளத்துக்குள்ளேயே தேங்கிற்று.

உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் கொசு எங்கே வளரப்போகிறது என்பது மட்டும்தான் இருவரும் ஒத்துப்போன விஷயம். லிஜாவுக்குப் பயிற்சியில் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் உப்பு இந்தக் கொசுவுக்குப் பழகிவிட்டது. சுத்தமான மழைத்தண்ணீரில்தான் புழு பட்டினி கிடக்கும். அழுகிய மீன்செதிலிலும் வலைத்துண்டிலும் வழுவழுவென்று படிகிற கிருமியைத் தின்றால் கொழுக்கும். அந்த வாடையைத் தேடித்தான் தாய்க்கொசு வரும். வெயிலில் தண்ணீர் வற்றினாலும் முட்டை பக்கவாட்டில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காத்துக் கிடந்து அடுத்த மழைக்குப் பொரியும். எல்லாம் தெரிந்துதான், தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய சோதனை அட்டையில் வாராவாரம் 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'உண்டு' என்று எழுதினால் வள்ளத்தைத் தொடவேண்டும். அவள் தொட்டால் அது மத்தியாஸ் தொட்டதாகும்.

இரண்டு வாரம் முன்பு அம்மா கேட்டிருந்தாள். "ஏட்டி, ஊரான் வீட்டுச் சட்டியெல்லாம் கவுத்துக. அந்தக் கட்டையப் புடுங்க ஒனக்குக் கையில்லியா?"

"நீயே புடுங்கேன். அப்பன் ஒனக்க கைய வெட்டும்."

இருவரும் சிரித்தார்கள்.

ஆன்ட்ரூஸின் மகள் ஷிஜி ஏழு மாத வயிற்றோடு பந்தலுக்குள் வந்தாள். ஆன்ட்ரூஸ் தன் தென்னை அருகிலேயே நின்றுகொண்டார்.

"எதிரி வீட்டுக்கு இங்க என்ன சோலி?" என்றார் மத்தியாஸ்.

"பெரியம்மாவப் பாக்க வந்தேன். ஒங்கள இல்ல."

அவள் பெட்டியருகே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அழுதாள். வீங்கிய கணுக்காலில் ஒரு கொசு இறங்கியது. வெள்ளை வளையம். ஷிஜிக்குத் தெரியவில்லை. அது வேண்டிய மட்டும் குடித்துவிட்டு, கனத்து, வள்ளத்தின் பக்கம் பறந்தது.

லிஜா எழுந்தாள். வள்ளத்தின் பின்புறம் அடியில் மணலில் மல்லாந்து நுழைந்து, ஒரு கல்லால் கட்டையை இருபக்கமும் தட்டினாள். நாலாம் தட்டில் அது கழன்றது. அழுகிய மீன் வாடையோடு கறுத்த தண்ணீர் அவள் கழுத்திலும் முடியிலும் கொட்டி, பந்தல் நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. செருப்புகள் மிதந்தன.

"ஏட்டி! ஆரு சொல்லித் தொட்ட?" மத்தியாஸ் ஓடிவந்தார்.

"மகள விட்டு வேலையக் காட்டுதாரு பாருங்க," ஆன்ட்ரூஸ் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "பொஞ்சாதி பொணம் கெடக்கு, கண்ணு வள்ளத்துல."

"வாய மூடுலே! நீ கயிறு கட்டலியா?"

"நீரு மொதல்ல கட்டினீரு!"

இரண்டு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசியது அதுதான்.

"குனிஞ்சு பாருங்க," என்றாள் லிஜா.

மணலில் தண்ணீர் உறிஞ்சிய இடமெல்லாம் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. யாரும் குனியவில்லை. உள்ளே இருந்து எட்டிப் பார்த்த ஷிஜி மட்டும் மெல்லக் காலை மடக்கி நைட்டிக்குள் இழுத்துக்கொண்டாள்.

கமிட்டித் தலைவர் கையை நீட்டினார். "கட்டையக் குடு பிள்ள. பழையபடி இருக்கணும். ஊர்த் தீர்ப்பு."

லிஜா தரவில்லை. அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. அம்மாவைச் சவப்பெட்டிக்கு மாற்ற ஆட்கள் வந்தார்கள். ஈரச் சுடிதாரோடு அவள் ஊர்வலத்தில் நடந்தாள். நாற்றத்துக்குப் பயந்து பக்கத்தில் யாரும் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் முடித்ததும், மண்ணள்ளிப் போட மகளை முதலில் விட்டார்கள். பின்னால் கமிட்டித் தலைவர் மத்தியாஸின் காதில் சொன்னது அவளுக்குக் கேட்டது. "அடக்கம் முடிஞ்சதும் அந்தக் கட்டைய வாங்கி அடைச்சிரணும். ஒனக்க தம்பிக்க ஆளுவ பிரச்சனை பண்ணுவினும்."



லிஜா குழிக்கு மேலே கையை நீட்டி விரித்தாள். விழுந்தது மண் இல்லை. மரத்தில் மரம் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெட்டியின் மூடிமேல் உருண்டு, ஓரத்தில் தட்டி, அடைப்புக்கட்டை பெட்டிக்கும் குழிச்சுவருக்கும் நடுவே போயிற்று.

குழி வெட்டியவன் மண்வெட்டியோடு மத்தியாஸைப் பார்த்தான். எடுக்கவா, மூடவா?

 மத்தியாஸ் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, அது விழுந்த ஓரமாகப் பார்த்துப் போட்டார்.

எதிர்ப்பக்கம் நின்ற ஆன்ட்ரூஸ், ஒரு காலால் மறு கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.