ஆறாவது கிளையின் பூஜ்யம்

அந்தப் பூஜ்யத்தை நெதெல்கோ காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தான்.

மேசைமேல் ஒரு பச்சைப் பலகை கிடந்தது. அதன் நடுவில் நகத்தளவு சிப். பலகையில் செருகியிருந்த கேமரா ஜன்னலுக்கு வெளியே தெருவைப் படம்பிடித்துப் பக்கத்துத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. நாய் ஒன்று குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக் குடைவது தெளிவாகத் தெரிந்தது. கேமராவிலிருந்து வரும் படம் முழுவதும் சிப்புக்குள் இருக்கும் பொதுப்பாதை வழியாகத்தான் திரைக்குப் போயாக வேண்டும். அந்தப் பாதையில் எந்தக் கிளையிலிருந்து எவ்வளவு போக்குவரத்து என்று எண்ணிச் சொல்ல, சிப்பிலேயே எட்டுக் கவுண்டர்கள் உண்டு. ஆறாவது கிளை கேமராவுடையது. அதன் கவுண்டர் பூஜ்யம் என்றது.

நாய் தொட்டியைக் கவிழ்த்தது. அப்போதும் பூஜ்யம்.

கவுண்டர்களைப் படித்து, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குச் சொல்லும் டிரைவர் நிரலை அவன் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தான். நோவிசாத் நகரத்தில் அந்தக் கம்பெனிக்கு வந்து ஏழு வருடம். இதுவரை செய்ததெல்லாம் அடுத்தவன் நிரலில் ஓட்டை அடைக்கிற வேலை. இதுதான் முதல் வரியிலிருந்து அவனுடையது. கவுண்டர்கள் சின்னவை, போக்குவரத்து அதிகமானால் மூன்றே வினாடியில் நிரம்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். நிரம்பிவிட்டது என்று குரல் கொடுக்கவும் தெரியாது. ஆகவே டிரைவருக்குள் ஒரு கடிகாரம் வைத்து, வினாடிக்கு ஒருமுறை அதுவே எட்டிப் பார்த்து, கூடியிருப்பதை எடுத்துப் பெரிய எண்ணில் சேர்த்துக்கொள்ளும்படி அமைத்தான். ஒரே கவுண்டரை இரண்டு பேர் கேட்டால் பூட்டுப் போட்டு, பிந்தி வந்தவரை மறுத்துவிடும்படி வைத்தான். குளிக்கும்போதுகூட அதே யோசனை.

முடிந்ததும் அது பொதுப்பட்டியலுக்குப் போகும். உலகம் முழுக்க உள்ள கெர்னல் ஆட்கள் படிக்கும் மடல்பட்டியல் அது. அடியில் அவன் பெயரோடு கையொப்ப வரி இருக்கும். 'இதற்கு நான் பொறுப்பு' என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். அது இல்லாத நிரலை அங்கே யாரும் தொடமாட்டார்கள்.

எழுந்து ஜகோதாவின் மேசைக்குப் போனான். கவுண்டர்கள் உள்ள சுற்றை வடிவமைத்தவள் அவள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காப்பிக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டிருந்தாள்.

"ஆறாவது கவுண்டர் எண்ணவே மாட்டேங்குது. நான் ஏதாவது விட்டுட்டேனா?"

"நீ ஒண்ணும் விடல. நான்தான் விட்டுட்டேன்."

"எதை?"

"கம்பிய. கேமரா கிளைலேர்ந்து கவுண்டருக்கு வர்ற இணைப்பு. வரையும்போதே போச்சு. சிப்பு தொழிற்சாலைலேர்ந்து வந்தப்புறம்தான் பார்த்தேன். போன அக்டோபர்ல."

"எட்டு மாசமா தெரியுமா? நான் இங்க மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கேன், நீ பக்கத்துல உக்காந்து வித கொறிக்கிற?"

"ரதோமிர் யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. கத்தாதடா."

கோப்பை விளிம்பில் ஒட்டியிருந்த ஈரத் தோலை விரலால் உள்ளே தள்ளினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை வேலையை முடித்தான். ஆறாவது கிளையைக் கேட்டால் டிரைவர் மறுத்துவிடும். எண் வரவேண்டிய இடத்தில் 'அளக்க வழியில்லை' என்று வரும். மேலாளர் ரதோமிர் வந்து அவன் தோளுக்கு மேலே குனிந்து படித்தார். வாயில் புதினா மிட்டாய், அதற்கடியில் நேற்றுக் குடித்த ரகியாச் சாராயத்தின் வாடை.

"என்ன தம்பி இது? அளக்க வழியில்லையா? சரக்கு சொத்தைன்னு நாமளே கடை வாசல்ல எழுதி வைக்கணுமா?"

"இணைக்காத கவுண்டரப் படிச்சுட்டுப் பூஜ்யம்னு சொல்றது பொய், ரதோமிர்."

"சிப்பு என்ன சொல்லுது? பூஜ்யம். நீ என்ன சொல்லணும்? பூஜ்யம். நடுவுல நீ யாரு, பாவமன்னிப்புக் குடுக்கற பாதிரியாரா?"

"நாளைக்கு டிராம் கதவப் பாக்கப்போற கேமரா அது. பாதைல நெரிசல் வந்தா படம் அப்படியே உறைஞ்சு நிக்கும். ஓட்டறவன் பழைய படத்தப் பாத்துக் கதவ மூடுவான். கால் மாட்டினவன்கிட்ட நீங்க போய்ச் சொல்றீங்களா, நெரிசல் பூஜ்யம்னு?"

"இதுவரைக்கும் உறையலயே."

"உறையுமான்னு பாக்கத்தானே கவுண்டரே வச்சிருக்கு!"

ரதோமிர் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். "வியாழக்கிழமை ஸ்வெடோசார் வர்றாரு. அவருக்கு எட்டு எண் வேணும். ஏழு எண்ணும் ஒரு புலம்பலும் வேண்டாம். மாத்து."

"என் பேர்ல அது போகாது."

"சரி தம்பி, சரி," என்றார் ரதோமிர். அவ்வளவு சுலபமாக அவர் விட்டதிலேயே நெதெல்கோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை கூட்ட அறைக்குள் நுழைந்ததும் எண்ணெய் நாற்றம் முகத்தில் அடித்தது. மேசை நடுவில் வட்டத் தட்டு நிறைய பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட புரெக் பலகாரம். அடியில் விரித்த தாள் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. யாருடைய நிரல் பொதுப்பட்டியலுக்குப் போகிறதோ அவர் மற்றவர்களுக்கு வாங்கிப்போடுவது அந்த அலுவலக வழக்கம். யார் நிரல் போயிருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

ஸ்வெடோசார் எழுந்து கை கொடுத்தார். டிராம் திரைகள் செய்யும் நீஷ் நகரத்துக் கம்பெனியிலிருந்து வந்தவர். சிப்பைச் சோதித்து, ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று கையெழுத்துப் போட வேண்டியவர். கை பிசுபிசுத்தது.

"வாழ்த்து தம்பி! நேத்து பட்டியல்ல பார்த்தேன். சுத்தமான வேலை."

"என்ன பார்த்தீங்க?"

"உன் டிரைவரத்தான். புரெக்கும் உன் பேர்லதான்னு ரதோமிர் சொன்னாரு."

நெதெல்கோ மடிக்கணினியைத் திறந்து பட்டியலைத் தேடினான். அவன் வைத்த பெயர்கள், அவன் எழுதிய குறிப்புகள், எல்லாம் அப்படியே இருந்தன. டிரைவர் மறுக்கும் இடம் மட்டும் இல்லை. அங்கே பூஜ்யத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு வரி. அடியில் அவன் பெயர், அவன் முகவரி, அவன் கையொப்பம். யாரோ அவனுடைய பிரஷ்ஷால் பல் தேய்த்துவிட்டு ஈரத்தோடு திரும்ப வைத்ததுபோல் இருந்தது.

"யார் மாத்தினது?"

"ஒரே ஒரு வரிதான்டா," என்றாள் ஜகோதா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"புரெக்க எடு தம்பி, ஆறிடும்," என்றார் ரதோமிர்.

நெதெல்கோ ஸ்வெடோசாரிடம் திரும்பினான். "அந்த ஆறாவது எண் அளந்து வந்தது இல்ல. கவுண்டருக்கு இணைப்பே கிடையாது. பாருங்க." ஸ்வெடோசாருக்குக் காட்ட மேசை ஓரத்தில் வைத்திருந்த பலகையிலிருந்து கேமராவைப் பிடுங்கினான். பூஜ்யம். திரும்பச் செருகினான். திரையில் படம் வந்தது. பூஜ்யம்.

ஸ்வெடோசார் குதிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் தாடையில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"மார்ச்லயே ரதோமிர் சொல்லிட்டாரு. என் படிவத்துல எட்டுக் கட்டம் இருக்கு. எட்டுலயும் எண் இருந்தாத்தான் அது உள்ள போகும். 'வழியில்லை'ன்னு வந்தா மறுபடி மொதல்லேர்ந்து ஆறு மாசம் சோதனை. பூஜ்யமும் எண்தானே?"

"நீங்க அந்த டிராம்ல ஏறுவீங்களா?"

"நீஷ்ல டிராமே கிடையாதுப்பா!"

ஸ்வெடோசார் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ரதோமிரும் சிரித்தார், பல்லிடுக்கில் பாலாடைக்கட்டி தெரிந்தது. கொஞ்சம் பிந்தி ஜகோதாவும் சிரித்தாள். ஒரு பொய்யரோடு மோதுவதாக மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று நெதெல்கோவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இங்கே ஏமாறக்கூட ஆள் இல்லை.

அதே மேசையில், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பட்டியலுக்கு எழுதினான். 'நேற்று வந்த நிரலில் உள்ள கையொப்பம் நான் இட்டதல்ல. நான் எழுதிய பிறகு அது மாற்றப்பட்டிருக்கிறது. இந்தச் சிப்பில் ஆறாவது கிளையின் கவுண்டர் இணைக்கப்படவில்லை. அங்கே வரும் பூஜ்யம் அளவல்ல. நான் எழுதியது கீழே.' கீழே தன் நிரலை வைத்தான். அதனடியில் கையொப்ப வரியைத் தன் விரலால் தட்டினான்.

"என்னடா தட்டற?" என்றாள் ஜகோதா.

"கையெழுத்து," என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.

ரதோமிரின் கைபேசி முனகியது. படித்தார். முகம் மாவுபோல் வெளுத்தது.

"டேய், கம்பெனி ரகசியம்டா அது! வழக்குப் போடுவேன்! அட்டைய வச்சுட்டு வெளிய போ!"

நெதெல்கோ கழுத்திலிருந்த வாசல் அட்டையைக் கழற்றி எண்ணெய்த் தாள்மேல் போட்டான். மடிக்கணினியும் கம்பெனியுடையதுதான், விட்டுவிட்டு நடந்தான். ஜகோதா படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அதுல என் பேரும் இருக்கா?"

"இல்ல."

"நல்லவேளை," என்றாள். இன்னும் மென்றுகொண்டிருந்தாள். திரும்பி மேலே ஏறிவிட்டாள்.

வீட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான். பிசுக்கு போனது, நாற்றம் போகவில்லை. சாயங்காலம் பட்டியலில் பதில் வந்திருந்தது. கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் எழுதியது. எந்த ஊர், ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியாது. வணக்கம், நலமா எதுவும் இல்லை.

'முதலில் வந்ததை நீக்கிவிட்டேன். அடுத்தவர் கையொப்பத்தோடு எதுவும் இங்கே நுழையாது. உங்கள் பதிப்பில் ஆறாவதை மறுப்பது சரி. ஆனால் டிரைவரைக் கெர்னலிலிருந்து கழற்றும்போது வினாடிக் கடிகாரத்தை நிறுத்தவில்லை, கெர்னலே செயலிழந்துவிடும். பிந்தி வந்தவரை மறுக்கும் இடத்தில் பூட்டைப் போடுகிறீர்கள், திரும்பத் திறக்கவில்லை. திருத்தி அனுப்புங்கள்.'

நெதெல்கோ இரண்டு முறை படித்தான். இரண்டும் உண்மை. இரண்டும் அவனே செய்த பிழைகள். சோதித்துப் பார்க்கப் பலகை இனி அவனிடம் இல்லை. தன் பழைய கணினியைத் திறந்து, கடிகாரத்தை எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று தேட ஆரம்பித்தான்.