ஒச்சாயி குடித்த பருத்திப்பால்

காலை பதினொரு மணிக்கு நல்லகாமன் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் மேசையில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

“ஒச்சாயின்னா யாரு?”

பல்கலைக்கழகத்து விடைத்தாள் திருத்தும் முகாமில் அன்று நான்காம் நாள். தொண்ணூற்றெட்டு மே மாதத்து வெயிலில் மின்விசிறிகள் அனல் காற்றையே கீழே தள்ளிக்கொண்டிருந்தன. அந்த மேசைக்கு நல்லகாமன் முதன்மைத் தேர்வாளர். அவருக்குக் கீழே வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து வந்த மூன்று பொருளாதார விரிவுரையாளர்கள்: பிருந்தா, விஜய்ஆனந்த், ஜெயபாண்டி. இவர்கள் திருத்தியதில் பத்துக்கு ஒன்றை எடுத்துச் சரிபார்ப்பது அவர் வேலை. இன்றைக்கு ஒன்றில் நிற்காமல் எல்லா விடைத்தாள் கட்டையும் பிரித்துவிட்டார்.

“குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. எல்லாப் பயலும் ஆப்பிள்னு எழுதுவான், ஆரஞ்சுன்னு எழுதுவான். பதினோரு தாள்ல மட்டும் ஒச்சாயி பருத்திப்பால் குடிக்கிறா.” ஒரு தாளை எடுத்துப் படித்தார். “காலையில் சாப்பிடாமல் கல்லூரிக்கு வந்த ஒச்சாயி காளவாசலில் பருத்திப்பால் குடிக்கிறாள். முதல் டம்ளர் அமிர்தம். நாலாவது டம்ளரில் முகத்தைச் சுளிக்கிறாள்.” தாளைக் கீழே வைத்தார். “பதினொண்ணுலயும் இதே வரி. ஒரு எழுத்து மாறல.”

பிருந்தா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அந்த வரி அவளுடையது. ஆப்பிளை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கண்டிராத வகுப்பில், முன்பெஞ்சுப் பெண்ணின் பெயரையும், அவர்கள் பஸ் இறங்குகிற காளவாசலில் விற்கும் பருத்திப்பாலையும் போட்டு அவள் சொன்ன உதாரணம் அது. வகுப்பே சிரித்தது. சிரித்ததால் மனதில் தங்கிவிட்டது.

“காப்பியா இருக்கும் சார்,” என்றான் விஜய்ஆனந்த்.

“காப்பியா இருந்தா அம்புட்டுதான். இல்லன்னா இது அடையாளம். திருத்துற ஆளுக்கு, இது நம்ம புள்ளைன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்த. பதிவெண்ண மறைச்சு டம்மி நம்பர் போட்டாலும் பேரு போதும்ல?” நல்லகாமன் ஜெயபாண்டியைப் பார்த்தார். “உங்க கட்டுல ஆறு. பேரும் உங்க ஊர்ப் பக்கத்துப் பேரு. யாருப்பா ஒச்சாயி?”

“எங்கூர்ல கல்ல விட்டெறிஞ்சா ஏதாச்சும் ஒரு ஒச்சாயி மேலதான் சார் விழும்.”

“மாப்ள, உங்க அக்கா பேரும் அதான?” என்றான் விஜய்ஆனந்த்.

ஜெயபாண்டி சிரித்துக்கொண்டேதான் இருந்தான். “ஆமா மாப்ள. அதுக்கு?” என்றபோது சிரிப்பு இல்லை.

“ஆறு பேருக்கும் எட்டு மார்க்கு போட்டிருக்கீங்க,” என்றார் நல்லகாமன். “தாராளந்தான்.”

“நல்லா எழுதியிருந்துச்சு, போட்டேன்.”

“நாலு மணிக்கு ரிப்போர்ட் போகும். மால்பிராக்டிஸ். பதினோரு பேரு ரிசல்ட்டும் நிக்கும். விசாரணைக்கு வரட்டும், ஒரு வருசம் போகட்டும். அப்பத் தெரியும் ஒச்சாயி யாருன்னு.”

அவர் எழுந்து முகாம் அலுவலர் அறைக்குப் போனார்.

பிருந்தா நேற்றுத் திருத்திய கட்டில் மூன்று ஒச்சாயிகள் இருந்தார்கள். தன் கல்லூரித் தாள் என்று தெரிந்தால் திருத்தாமல் முதன்மைத் தேர்வாளரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. முதல் தாளில் அந்த வரியைப் படித்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் திருத்திவிட்டாள். மூன்றையும். இப்போது வாயைத் திறந்தால், திருத்தியதற்கும் அவளே பதில் சொல்ல வேண்டும். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. ஜூனில் நிரந்தர இடத்துக்கு நேர்முகம். குழுவில் பல்கலைக்கழகப் பிரதிநிதி நல்லகாமன்தான்.

அலங்காநல்லூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். ஒரு வருடம் போனால் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். பெண் பிள்ளைகள் நிச்சயமாக வரமாட்டார்கள்.

விஜய்ஆனந்த் அவள் பக்கம் சாய்ந்தான். இருவர் வீட்டிலும் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அந்த மொழியில் மெல்லக் கேட்டான், உங்கள் பிள்ளைகள்தானே என்று. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வாயைத் திறக்காதீர்கள், மூன்று தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றான்.

ஜெயபாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன பேசுறீக?”

“வீட்டு விஷயம், மாப்ள.”

“எம் பேரு வந்துச்சா அதுல?”

“வரல,” என்றாள் பிருந்தா.

அவன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான். மதியச் சாப்பாட்டுக்கு மூவரும் சேர்ந்து போவது வழக்கம். அன்று அவன் தனியாகப் போனான். பக்கத்து மேசைக்காரர்கள் அவனைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். விஷயம் அதற்குள் ஹால் முழுவதும் பரவியிருந்தது, ஜெயபாண்டியின் பெயரோடு.

மதியக் கட்டில் ஒன்பதாவது தாள். மூன்றாம் பக்கத்தில் அந்த விதி. பிருந்தா படித்தாள்.

காலையில் சாப்பிடாமல் கல்லூரிக்கு வந்த பிருந்தா காளவாசலில் பருத்திப்பால் குடிக்கிறாள்.

மறுபடியும் படித்தாள். முதல் டம்ளர் அமிர்தம். நாலாவது டம்ளரில் பிருந்தா முகத்தைச் சுளிக்கிறாள்.

எழுதியது யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விடைத்தாளில் உங்கள் பெயரை எங்கேயும் எழுதிவிடாதீர்கள், எழுதினால் தாள் செல்லாது என்று தேர்வுக்கு முந்தின நாள் வகுப்பில் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். அந்த முன்பெஞ்சுப் பெண் சொன்னதைக் கேட்டிருக்கிறது. தன் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் போட வேண்டும். டீச்சர் பெயர் நினைவுக்கு வந்திருக்கிறது.

மணி மூன்றே கால். எட்டு மார்க் போட்டு, தாளை மூடி, கட்டின் நடுவில் செருகிவிடலாம். அதுவரை திருத்திய எல்லாத் தாளையும் நல்லகாமன் காலையிலேயே பார்த்தாயிற்று, இனி மதியக் கட்டைப் பிரிக்கமாட்டார். விஜய்ஆனந்த் எதிரில் வேகவேகமாகத் திருத்திக்கொண்டிருந்தான். ஜெயபாண்டி ஒரு தாளை வெகுநேரமாகத் திருப்பாமல் வைத்திருந்தான். தாராளம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுபோல் மார்க் போடுவதும் அடிப்பதுமாக இருந்தான். நல்லகாமன் அந்தப் பக்கம் நடந்தபோது கையால் தாளை மறைத்தான். மறைத்ததை அவர் கவனித்தார்.

பிருந்தா எழுந்தாள்.

“சார், இதப் பாருங்க.”

நல்லகாமன் நின்றுகொண்டே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

“பிருந்தான்னு இருக்கு.”

“ஆமா சார்.”

“உங்க பேரு.”

“எழுதின பொண்ணு பேரு ஒச்சாயி சார். முன்பெஞ்சு. பதினோரு பேரும் எங்க காலேஜ். நான் வகுப்புல சொன்ன உதாரணம். சொன்னத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டாங்க.”

ஹாலில் பேனாக்கள் நின்றன.

“பேரு எழுதக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான் சார். அதான் அது எம்பேர எழுதிருச்சு.”

“நேத்து மூணு தாள் திருத்தியிருக்கீங்க.”

“ஆமா.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

“காலையில கேட்டப்ப?”

“பயம் சார். ஜூன்ல இன்டர்வியூ. நீங்க இருப்பீங்க.”

“இப்பப் பயமில்லையோ?”

“இப்பவும்தான்.”

நல்லகாமன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவளே பெயரை மாற்றி எழுதினாளோ என்று மையைப் பார்க்கிறார் என்பது புரிந்தபோது அவளுக்குக் காது சுட்டது.

“இத நீங்க குடுக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார். “அப்பறம் எதுக்குக் குடுக்கீங்க? இதுல வேற என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல சார்.”

“எழுதிக் குடுங்க. தேதி போட்டு.”

அவள் நின்றபடியே அரைப் பக்கம் எழுதினாள். அவர் வாங்கிப் படித்தார். மால்பிராக்டிஸ் படிவத்தை எடுத்து, பதினோரு எண்களின் மேல் குறுக்கே கோடிட்டு, கீழே எழுதியதை வாய்விட்டுப் படித்தார். “பன்னிரண்டு தாள்களும் வேறு மேசையில் மறுமதிப்பீடு.” பிறகு புது வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவள் பெயரையும் கல்லூரியின் பெயரையும் எழுதத் தொடங்கினார். அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

“நாளைக்கு வர வேணாம். கிளம்புங்க.”

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

“மேடம், பையைத் திறந்து காட்டிட்டுப் போங்க,” என்றார் நல்லகாமன்.

விஜய்ஆனந்த் தலை நிமிரவில்லை. பிருந்தா பையை மேசையில் வைத்து ஜிப்பைத் திறந்தாள். குடை, டிபன் பாக்ஸ், பஸ் பாஸ். நல்லகாமன் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தார்.

ஜெயபாண்டி எழுந்து வந்தான். நாற்காலியிலிருந்து எடுத்து வந்த தன் பையை அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“இதையும் பாத்துருங்க சார். காலையிலயே பாத்திருக்கணும்.”

அதை யாருக்காகச் சொன்னான் என்று பிருந்தாவுக்குத் தெரியவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நல்லகாமன் டிபன் பாக்ஸின் மூடியில் கைவைத்தபடி இரண்டு பைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.