ஆயிரமாவது நாளுக்கு மூன்று நாள் முன்பு

1.

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. கப்பல் கட்டும் தளத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. யாருக்காவது அடிபட்டால், எங்கே, என்ன செய்தபோது, எப்படி என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதித் தருவேன். உள்ளங்கை அளவுக் கட்டம். ஐந்து வரி. மூன்று வருடமாக எல்லாம் அதில் அடங்கின. குவாபாராவின் முட்டி அடங்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: வெல்டர் குவாபாரா ஏணியிலிருந்து விழுந்தார்.

[விழவில்லை. இறங்கினார். தரை வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினார். ஒரு படி மிச்சம் இருந்தது. பாதம் படியில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பியது. முட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம். வருகைப் பட்டியலோடு ஏணியடியில் நின்ற எனக்கும் கேட்டது.]

வாசல் பலகையில் அன்று, விபத்தில்லா நாட்கள் 997. ஆயிரமாவது நாளில் நாற்பது பேருக்கும் சங்கரா மீன் சாப்பாடு என்று முடிவாகியிருந்தது. விபத்து என்றால் பலகை பூஜ்யத்துக்குப் போகும்.

"பலகையில கை வச்சிடாதீங்க. மூணு நாள்தான்," என்றார் குவாபாரா, தரையில் கிடந்தபடி.

"காலு பூசணிக்காயா வீங்குது, பலகையாம் பலகை!" என்றார் மேஸ்திரி சுட்சுயி.

"என்னால எல்லார் மீனும் போச்சுன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேட்டுக்குள்ள வருவேன்?"

3.

சுட்சுயியை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். யாரும் குவாபாராவை மிரட்டவில்லை. சுட்சுயிதான் அவரை முதுகில் சுமந்து வந்து என் காரில் ஏற்றினார். ஒரு வில்லன் இருந்திருந்தால் எனக்கு வசதி.

4.

அந்த ஆஸ்பத்திரி எனக்குப் பழக்கம். போன வருடம் என் மனைவி நான்காம் மாடியில்

[இது இந்தக் கதை அல்ல.]

டாக்டர் மியோஷி முட்டியிலிருந்து ஊசியில் ரத்தம் எடுத்தார். கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். இழுத்த இழுப்புக்கு வந்தது.

"எப்படி ஆச்சு?"

"குளியலறையில, டாக்டர். சோப்பு."

"சோப்புல வழுக்கினா முட்டி இப்படித் திரும்பாதே."

"என் முட்டி கொஞ்சம் கோணல் புத்தி, டாக்டர்."

வேலையில் அடிபட்டவர் காட்டக் கூடாத சாதாரண மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். 'வீடு, குளியலறை' என்று எழுதிக்கொண்டார்.

5.

ஸ்கேனில் முன்புற ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது, குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை. ஒன்பது மாதம் ஏணி கூடாது. அதற்கு அப்புறமும் முழுதாக மடங்குமா என்பது சந்தேகம்.

வேலையில் பட்ட காயம் என்றால் சிகிச்சைக்காக விடுப்பில் இருக்கும்வரை வேலையை விட்டு நீக்க முடியாது. முட்டி முடங்கிப்போனால் நஷ்டஈடும் உண்டு. வீட்டில் விழுந்தவருக்கு இரண்டும் இல்லை. குவாபாராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏணியில் ஏறி வெல்டிங் செய்யத் தெரியும். வேறு வேலை தெரியாது.

ஏழு வாரம் கழித்து ஊன்றுகோலோடு அலுவலகம் வந்தார்.

"செகாவா, குளியலறைய வெட்டிட்டு ஏணியப் போட்டுக்கலாமா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டுல குளியலறைன்னே இருக்குங்களே."

"காலேஜ் படிச்சவன்தானேப்பா நீ. ஒரு வரி." ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்தார். "மீன் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, குவாபாரா சான்."

"எனக்கும் வீட்டுக்கு அனுப்பினாங்க. முள்ளு ஜாஸ்தி."

6.

முடிவு அ: நான் எழுதவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் குவாபாராவின் அலமாரியை வேறொருவர்

[இதை என்னால் முடிக்க முடியவில்லை.]

முடிவு ஆ: ஏணி என்று எழுதுகிறேன். நேரில் கண்டவர்: செகாவா. நிர்வாகம் மறைத்ததாக வழக்கு வரலாம்; என் வேலையும் போகலாம். ஏழு வாரம் ஏன் பேசவில்லை என்று தொழிலாளர் அலுவலக அதிகாரி கேட்பார். அந்த நான்காம் மாடிக்கு அப்புறம் வந்த மாதங்களில் யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது பதில் அல்ல.

ஆ-வைத்தான் இன்று காலை தபாலில் போட்டேன்.

அதற்கு மேல் கதை என் கையில் இல்லை. அந்த அதிகாரியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஒரு பக்கம் டாக்டரின் சீட்டு. அன்றைக்கே எழுதியது, அடித்தல் திருத்தல் இல்லாதது. மறுபக்கம் என் தாள். நான் அடித்ததையும் கிழித்ததையும் பாதியில் விட்டதையும் நீங்கள் பார்த்தீர்கள். உங்களுக்காகத்தான் அழிக்காமல் வைத்தேன்.

வெளியே பெஞ்சில் குவாபாரா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டு, குளியலறையா ஏணியா என்று அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.