மீரா சாகிப் வீட்டு முற்றத்தில் விழுந்த பந்துகள்

1986ஆம் வருடம் பிப்ரவரி மாதத்தில், நஜீமுதீன் கல்கத்தாவில் குழிக்குள் தட்டிவிட்ட கோல்ஃப் பந்து, திருப்பூர்ப் பக்கம் மங்கலத்தில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மீரா சாகிப்பின் வீட்டு முற்றத்தில் விழுந்தது. மீரா சாகிப்பின் மனைவி முனவர் பேகம் அப்போது அங்கே மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து இன்னொன்று விழுந்தது, பிறகு இன்னொன்று. நஜீமுதீன் தன் பந்துகளில் எல்லாம் பச்சை மையில் 'ந' என்று எழுதி வைப்பது ஊருக்குத் தெரியும் என்பதால், யாருடைய பந்து என்ற சந்தேகம் எவருக்கும் வரவில்லை. கல்கத்தாவில் குழிக்குள் கையை விட்டுத் துழாவியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. போட்டியை நடத்தியவர்கள் கூடிப் பேசி, பந்து உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தோம், அது போதும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் போட்டியில் நஜீமுதீன் மூன்றாவதாக வந்தார். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் பரிசு வாங்கியது அதுவே முதல் தடவை.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் அண்ணன் தம்பி இருவருமே திருப்பூரில் பொங்கியண்ணன் என்பவரின் பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள். ஏற்றுமதி சூடுபிடித்த காலம் அது. துணி வாங்க வரும் வெள்ளைக்காரர்களுக்குத் துணையாகப் பொங்கியண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கம் கோல்ஃப் ஆடப் போக ஆரம்பித்தார். மட்டைப் பையைத் தூக்கியவர்கள் இவர்கள் இருவர். முதலாளிகள் காபி குடிக்கப் போன நேரத்தில் இவர்களும் அடித்துப் பார்த்தார்கள். மீரா சாகிப் அடித்தால் பந்து வேப்பமரங்களைத் தாண்டிப் போனது. நஜீமுதீனுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் குழிக்குப் பக்கத்தில் நின்று தட்டினால், எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் பந்து உள்ளே இறங்கியது. அதை ஒருநாள் பொங்கியண்ணன் பார்த்துவிட்டார். "நஜீமு, நாளையிலிருந்து நீயும் ஆடு கண்ணு. செலவு நான் பாத்துக்கறேன். ஏப்பா மீரா, நீ பையை எடுத்துக்கிட்டு இவன் பின்னாடி போ" என்றார்.

மீரா சாகிப் பையைப் புல்லின் மேல் வைத்துவிட்டு, வெளியே வந்து பஸ் ஏறினார். அதன்பிறகு எந்த மைதானத்திலும் கால் வைக்கவில்லை. மங்கலத்தில் எட்டு விசைத்தறி போட்டுக் காடாத் துணி நெய்தார். தொழில் குறையில்லாமல்தான் நடந்தது. ஆனாலும் 'பின்னாடி' என்ற சொல்லை யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவரின் வீட்டில்தான் பந்துகள் விழுந்தன. நஜீமுதீன் டெல்லியில் ஆடினாலும் கோலாலம்பூரில் ஆடினாலும் இங்கேதான் வந்தன. தறி ஓடும் சத்தத்தில் விழுவது கேட்காது. கரண்ட் போனால் நன்றாகக் கேட்கும். முனவர் பேகம் ஒன்றைப் பீரோ காலுக்கு முட்டுக் கொடுத்தார், சிலவற்றைத் தெருக்காரர்களுக்குக் கொடுத்தார், மிச்சத்தைச் சாக்கில் கட்டி வைத்தார். மீரா சாகிப் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் போட்டி நடக்கும் நாட்களில் தறிப்பட்டறைக்குப் போகாமல் முற்றத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பந்து சீக்கிரம் விழுந்தால் தம்பி நன்றாக ஆடுகிறான், தாமதமானால் தடுமாறுகிறான் என்று அவரே கண்டுகொண்டிருந்தார். தாமதமான நாட்களில் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 1989இல் நஜீமுதீன் இரண்டு பெரிய போட்டிகளை வென்றபோது, பள்ளிவாசலில் ஆளாளுக்கு மீரா சாகிப்பின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார்.

அடுத்த கோடையில் அவர் கெட்டியான காடாத் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, முற்றத்தை மூடி இழுத்துக் கட்டினார்.

"எதுக்குங்க இது?" என்று முனவர் பேகம் கேட்டார்.

"வெயிலுக்கு."

அந்த வாரம் பெங்களூரில் நஜீமுதீன் தட்டிய பந்து குழியின் விளிம்பு வரை வந்து, எதன்மேலோ பட்டதுபோல் எகிறித் தள்ளி நின்றது. மறுபடி தட்டினார், மறுபடியும் எகிறியது. இங்கே துணியின் மேல் பந்து விழுந்து குதித்து மறைவதை மீரா சாகிப் கீழிருந்து நிழலாகப் பார்த்தார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு பந்து துணியின் ஓரமாக உருண்டு தரையில் விழும். பெங்களூரிலும் அப்போதுதான் அது குழிக்குள் இறங்கும். கைநடுக்கம் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. டாக்டர்கள் கண்ணைப் பார்த்தார்கள், நரம்பைப் பார்த்தார்கள். மூன்று வருடம் பொறுத்திருந்த பொங்கியண்ணன், அதன்பிறகு செலவை நிறுத்திக்கொண்டார். முனவர் பேகம் எல்லாம் தெரிந்தும் கணவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மிளகாயை மட்டும் பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டார்.

மீரா சாகிப் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. ஜெயித்தபோது பேசியதைவிட இப்போது நஜீமுதீனைப் பற்றி ஊர் அதிகமாகப் பேசியது. டீக்கடையில் பாவம் என்றார்கள். பள்ளிவாசலில் அவருக்காகத் துஆ செய்தார்கள். தன் பெயரைச் சொல்லி யாராவது ஒருநாளாவது துஆ கேட்டிருப்பார்களா என்று மீரா சாகிப் படுக்கையில் புரண்டு யோசித்தார்.

1994இல் நஜீமுதீன் ஊருக்குத் திரும்பி, நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தார். தலைக்கு மேலே இருந்த துணியை வெகுநேரம் பார்த்தார்.

"வெயிலுக்குங்களாண்ணா?"

"ஆமா."

"நல்லா இழுத்துக் கட்டியிருக்கீங்க." பிறகு, "பட்டறையில எனக்கு எதாச்சும் வேல இருக்குங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல மீரா சாகிப்புக்கு வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து நஜீமுதீன் நூல் மூட்டை இறக்கினார். அவரைப் பார்க்கச் சாமளாபுரத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நூல் வியாபாரிகள் முதலாளியிடம் விலை பேசிக்கொண்டே தொழிலாளியைத் தேடினார்கள். தறி ஓட்டுபவர்கள் தறியை நிறுத்திவிட்டு மலேசியாக் கதை கேட்டார்கள். சொந்தப் பட்டறைக்குள் மீரா சாகிப் நுழைந்ததை யாரும் கவனிக்காத ஒருநாள், அவர் தம்பியைத் தனியே வீட்டு முற்றத்துக்கு அழைத்து வந்தார்.

"நீ இங்க எதுக்கு இருக்க? ஆடப் போ."

"போனாலும் பந்து உள்ள போகாதுங்கண்ணா."

"போகும்."

நஜீமுதீன் ஒருமுறை மேலே பார்த்தார்.

"போகும்னு சொல்றனல்ல? மொதல்ல என் கண்ணு முன்னால நிக்காம போடா!" என்று மீரா சாகிப் கத்தினார்.

நஜீமுதீன் போனார். கல்கத்தாவில் போட்டி தொடங்கிய காலையில் மீரா சாகிப் ஏணி வைத்து ஏறி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முனவர் பேகம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான்கு நாளும் பந்துகள் சீராக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் மீரா சாகிப்பின் வயிறு எரிந்தது. கடைசி நாள் கடைசிப் பந்து மட்டும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். முற்றத்தின் நடுவில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார். "உழுந்து தொலையேன்" என்றார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு நிமிர்ந்து நின்றபோது பந்து வந்து அவர் தோளில் பட்டுத் தரையில் உருண்டது.

"ஜெயிச்சுட்டாருங்களா?" என்று உள்ளேயிருந்து முனவர் பேகம் கேட்டார்.

"ஜெயிச்சிருப்பான், வேறென்ன பண்ணுவான்" என்று சொல்லிவிட்டு, மீரா சாகிப் தோளைத் தடவிக்கொண்டே பட்டறைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

1998இல் பழைய ஓட்டு வீட்டை இடித்து, கான்கிரீட் வீடு கட்டினார். தளத்துக்குக் கம்பி கட்டும் அன்று, நடு ஹாலுக்கு மேலே கட்டில் அகலத்துக்கு வானம் தெரிய இடம் விடச் சொன்னார். கொத்தனார் வெள்ளியங்கிரிக்குப் புரியவில்லை.

"அது வழியா மழை உள்ள வருமுங்களே பாய். எதுக்குங்க அது?"

"தம்பி ஆடறானல்ல" என்றார் மீரா சாகிப், எரிச்சலோடு. "மழையும் வரட்டும்."

வெள்ளியங்கிரி சரிங்க என்று சொல்லி, அந்த இடத்தில் மட்டும் கம்பி கட்டாமல் விட்டார்.